‘ஆகிவிடும்’ சித்தப்பாவும் ‘ஆகாது’ அப்பாவும்

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ரயில் டிக்கெட் போட்டேன். காத்திருப்போர் பட்டியலில் 14, 15 என்று விழுந்தது. “ஆகிவிடும்” என்றார் சித்தப்பா. “ஆகாது” என்றார் அப்பா. சொன்னதோடு நிற்காமல், அரசு விரைவு பஸ்ஸிலும் இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்ய வைத்தார்.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன். யார் பக்கம் நியாயம் என்று நெடுங்காலம் குழம்பியிருக்கிறேன். இருவரும் பார்த்த வேலைகளை வைத்து யோசித்த பிறகுதான் கொஞ்சம் விளங்கியது.

அப்பா மின்வாரியத்தில் 31 வருடம் லைன்மேன். துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தி எல்.சி. (‘லைன் கிளியர்’ என்ற வேலை அனுமதி) கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக லைன்மேன் கம்பியில் கை வைத்துவிட முடியாது. எர்த் ராடு மாட்டி, கம்பியைத் தரையோடு இணைத்த பிறகுதான் தொட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் போதும். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி, உயர் அழுத்தக் கம்பிக்கே வந்துவிடும். ஆயிரம் முறை கம்பி செத்துத்தான் கிடக்கும். ஆயிரத்தோராவது முறைக்காகத்தான் அந்த ராடு. கூட வேலை பார்த்த ஒருவரை அப்படிக் கம்பத்திலிருந்து இறக்கியவர் அப்பா. அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

சித்தப்பா ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். பத்துப் படி ஏறினால் ஒன்பதில் ‘அப்புறம் பார்க்கலாம்’தான். ஆனால் அவருக்கு ஒரு மறுப்பின் விலை என்ன? ஒரு பஸ் டிக்கெட். கொஞ்சம் கால்வலி. பத்தாவது படியில் ஏறத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் அந்தத் தொழிலில் கேள்வி. மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் 1980களில் அமெரிக்காவில் காப்பீட்டு ஏஜென்ட்டுகளை வைத்தே இதை ஆராய்ந்தார். தோல்வியைத் தனக்குத் தானே எப்படி விளக்கிக்கொள்கிறார்கள் என்பதில்தான் அவர் கண் இருந்தது. ‘எனக்கு விற்கத் தெரியவில்லை’ என்று நினைப்பவர் ஒரு ரகம். ‘அந்த மனிதருக்கு இன்று வேறு கவலை’ என்று நினைப்பவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தினர் கூடுதலாக விற்றார்கள். வேலையை விட்டு ஓடாமலும் இருந்தார்கள். சித்தப்பா எந்த ஆராய்ச்சியும் படித்ததில்லை. கதவைச் சாத்திய வீட்டைப் பற்றி, “பாவம், சமையல் நேரத்தில் போய்விட்டேன்” என்பார்.

ஒரு தப்புக்கு உயிர் போகும் தொழிலில் அவநம்பிக்கை. ஒன்பது தப்புக்கும் ஒன்றும் ஆகாத தொழிலில் நம்பிக்கை. இரண்டும் அதனதன் இடத்தில் சரி. தகராறு, இரண்டு பேரும் சீருடையைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்ததில்தான்.

சித்தப்பா வீடு கட்டினார். ஆறே மாதத்தில் கிரகப்பிரவேசம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்பா கேட்டது ஒரே கேள்வி: “உன் தெருவில் கடைசியாகக் கட்டிய வீடு எத்தனை மாதம் ஆனது?” சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கொத்தனார் வேறு, நம் கொத்தனார் வேறு என்றார். மணல் வரவில்லை, மழை வந்தது, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். பத்தொன்பது மாதம். நடுவில் சித்தியின் ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது.

இதில் சித்தப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ரோஜர் பூலரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த அவநம்பிக்கையும் போதவில்லை. அப்பாவின் கேள்வி அப்படிக் கற்பனையில் பிறந்ததல்ல; பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்டது. காசும் கெடுவும் சேர்ந்த எந்தக் காரியத்திலும் நான் அப்பா கட்சி.

ஆனால் அம்மாவின் கதையும் இருக்கிறது. ஒரு காலத்தில் அம்மா இட்லி மாவு அரைத்து விற்க ஆசைப்பட்டார். பெரிய கிரைண்டர் ஒன்றை விலைகூடக் கேட்டு வைத்திருந்தார். அப்பா ஒவ்வொன்றாக அடுக்கினார்: கரண்ட் போனால் பாதி அரைத்த மாவு என்ன ஆகும், வெயில் காலத்தில் புளித்துவிடுமே, கடனுக்கு வாங்கிப் போகிறவர்களிடம் எப்படிக் கேட்பாய். ஒன்றுகூடப் பொய்யில்லை. அம்மா பதில் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். போனால் ஒரு கிரைண்டர், சில மாத அலைச்சல். கம்பத்திலிருந்து விழுகிற விஷயமல்ல அது. அன்று அந்த இடத்தில் சித்தப்பா இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றும். சித்தியின் சங்கிலிக்காவது அடகு ரசீது இருந்தது, மீட்டும் விட்டார்கள். அம்மாவின் கணக்கில் ரசீதே இல்லை. அதனால்தான் அவநம்பிக்கைக்காரர்கள் எப்போதும் நஷ்டமே படாதவர்கள்போலத் தெரிகிறார்கள்.

உடம்பு விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சர்க்கரைப் பரிசோதனையைச் சித்தப்பா மூன்று வருடம் தள்ளிப்போட்டார். இப்போது மாத்திரை டப்பாவோடு அலைகிறார்.

‘கவலைப்படாதீர்கள், நிம்மதியாக இருங்கள்’ என்று அப்பாவிடம் நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது தப்பான வைத்தியம். ஜூலி நோரெம் என்ற உளவியலாளர் இப்படிப்பட்டவர்களைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டார்ட் எறிவதற்கு முன் இவர்களை மனதைத் தளர்த்தி இளைப்பாறச் சொன்னபோது குறி கெட்டது. என்னவெல்லாம் தப்பாகலாம், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசிக்க விட்டபோது நன்றாக எறிந்தார்கள். நம்பிக்கைக்காரர்களுக்கு நேர்மாறு, யோசித்தால்தான் கெட்டது. தங்கையின் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, நாங்கள் வற்புறுத்தி அப்பாவைப் படுக்க வைத்தோம். இரண்டு மணிக்கு எழுந்து, மண்டபத்து ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் தூங்கினார்.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். சார்ட் தயாராகும்போதும் பட்டியலிலேயே கிடந்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். பஸ் டிக்கெட்டை அன்று காலையிலிருந்தே அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சார்ட் வந்தது. இரண்டும் ஆர்.ஏ.சி. ஆகியிருந்தன: வண்டியில் ஏறலாம், ஆனால் ஆளுக்கொரு முழுப் படுக்கை கிடையாது. “நான்தான் சொன்னேனே” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எழும்பூரில் ஏற்றிவிடப் போனேன். ஓரத்துக் கீழ்ப் படுக்கை ஒன்று, ஆளுக்குப் பாதி. வண்டி கிளம்பும் முன்பே சித்தப்பா அப்பாவின் மடிவரை காலை நீட்டிவிட்டார். அப்பா அந்தக் காலைத் தள்ளவில்லை. பெட்டியைப் பூட்டிய சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார்: “பஸ் டிக்கெட்டை ரத்து செய்தாயா? எவ்வளவு பிடித்தார்கள்?”