மராமத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அரங்கம்

கல்லூரி உள்ளரங்கத்தை மராமத்து பார்த்துத் திறந்துவிட்டார்கள். படிக்கும்போது அங்கேயே பழியாய்க் கிடந்தவன் நான். இப்போதும் பழைய மாணவர்களுக்கென்று ஒதுக்கிய மாலை நேரத்தில் போய் ஆடுகிறேன். "எப்படிடா இருக்கு? என் பொண்ணு அங்கேதான் சேரப்போறா, பிராக்டிஸுக்கு அனுப்பலாமா?" என்று அந்த நாளில் கூட ஆடிய நண்பன் கேட்டான். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை. 28-க்கு 15 மீட்டர் தளம், 3.05 மீட்டர் உயரத்தில் பந்து விழும் ரிங் என்பதெல்லாம் எங்கும் உள்ளதுதான். அங்கேயே புழங்கியவனுக்கு மட்டும் தெரிகிற விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் தரை. மேப்பிள் மரத்தரை. சிமெண்ட் தளத்தில் ஆடிப் பழகிவிட்டு முதன்முதலாக அதில் கால் வைத்தவனுக்குத்தான் அதன் அருமை புரியும். குதித்து இறங்கும்போது முழங்காலில் 'ணங்' என்று ஏறும் அதிர்ச்சி இருக்காது. பலகைக்கு அடியில் மரச்சட்டம், சட்டத்துக்கு அடியில் ரப்பர் துண்டுகள். அவை கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், உடனே திருப்பித் தள்ளும். ராத்திரி வீட்டுக்குப் போனால் கால் வலிக்கும், ஆனால் மூட்டு வலிக்காது. எனக்கு இன்றுவரை முழங்கால் சொன்னபடி கேட்கிறது என்றால் அந்தத் தரைக்குத்தான் நன்றி சொல்வேன்.

அதே தரையில்தான் அந்த இடமும் இருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் தூரத்து ரிங்குக்கு முன்னால், யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டின் இடது முனையை ஒட்டி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பந்து எழும்பாத இடம். நாங்கள் அதைச் 'செத்த இடம்' என்போம். இடுப்பு உயரத்துக்கு வர வேண்டிய பந்து அங்கே முழங்காலோடு நின்றுவிடும். கை காற்றைத் தட்டும். அதற்குள் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு மறு கோடிக்கு ஓடியிருப்பான். அடியில் சட்டத்தைப் பிடித்த ஆணி தளர்ந்தாலோ, ரப்பர் நசுங்கிப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே வெற்றிடம் விழுந்தாலோ இப்படி ஆகும். பந்து கொண்டுவரும் வேகத்தைப் பலகையே வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது. ஈரப்பதம் ஏறும் மாதங்களில் மரம் உப்பும்போது அந்த இடம் ஒரு சாண் நகர்ந்தே போகும்.

எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறேன்! ஆனாலும் அந்த இடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சமில்லை. அதற்குப் பயந்தே பந்தைத் தாழத் தட்டப் பழகினோம். வலது கையிலிருந்து இடது கைக்குக் கோட்டுக்கு முன்பே மாற்றப் பழகினோம். வெளியூர் அணி வந்தால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய பாயிண்ட் கார்டை அந்தப் பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போவோம். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி ஆடிய பழைய பாஸ்டன் கார்டன் அரங்கத்தின் தரையைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள்: 1946-இல், போர் முடிந்து மரம் கிடைக்காத நேரத்தில் ஓக் துண்டுகளைச் சேர்த்துச் செய்த தரை, எங்கெங்கே பந்து சாகும் என்று செல்டிக்ஸ்காரர்களுக்கு மட்டும் தெரியும் என்று எதிரணிகள் புலம்பும். அந்த அளவுக்குப் பெரிய அரங்கத்துக்கே அந்தப் பேச்சு இருந்தது என்று கேட்டபோது எங்களுக்கு ஏகப் பெருமை.

இந்த மராமத்தில் அந்த இடத்தைப் பிரித்துச் சரிசெய்துவிட்டார்கள். வெளியே எடுத்துப் போட்ட ரப்பர் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தட்டையாகி, ஓரம் வெடித்து, கல் மாதிரி இறுகியிருந்தன. சரிசெய்த தரையில் பழைய விதிப்புத்தகச் சோதனையைச் செய்தேன்: பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட வேண்டும், மேற்பாகம் 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழும்ப வேண்டும். எந்த மூலையில் போட்டாலும் ஒரே மாதிரி எழும்புகிறது. வேலை செய்தவர்கள் கைக்காரர்கள், சந்தேகமே இல்லை.

தரையை இழைத்தபோது பழைய கோடுகளும் போய்விட்டன. 2010-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு மூன்று புள்ளிக் கோட்டை (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளியது, ரிங்குக்கு முன்னால் இருந்த சரிவகக் கட்டத்தைச் செவ்வகமாக்கியது. எங்கள் தரையில் பழைய கோடுகளை லேசாகச் சுரண்டிவிட்டு மேலேயே புதியதை வரைந்திருந்தார்கள். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது வார்னிஷுக்கு அடியில் பழைய வளைவு தெரியும். எங்கள் சீனியர்கள் அந்தக் கோட்டில் கால் வைத்துத்தான் எறிவார்கள். "இது எங்க கோடு தம்பி" என்பார்கள். அந்த அரை மீட்டரை வைத்து எத்தனை சண்டை!

விளக்குகளும் மாறிவிட்டன. முன்பு மெட்டல் ஹேலைடு விளக்குகள். போட்டவுடன் வெளிச்சம் வராது, மெல்ல மெல்ல ஏறும். நடுவில் ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலும் உடனே பற்றாது; உள்ளே இருக்கும் குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு அந்த அரங்கத்தில் மிகவும் பிடித்த நேரம். பந்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையிலேயே படுப்போம். பயிற்சியில் எங்களைத் திட்டித் தீர்த்த சீனியர் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, எறியும்போது முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார். கோச் தன் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசியதும் அந்த அரை இருட்டில்தான். இப்போது எல்இடி. மின்சாரம் வந்த கணமே பளிச்சென்று எரிகிறது, ஆட்டமும் தொடர்கிறது. கண்ணுக்கு நல்லது, நிழல் விழுவதில்லை. இருந்தாலும் இளசுகள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு அங்கே நேரமே இல்லாமல் போய்விட்டது.

ரிங்கும் புதிது, அழுத்தினால் மடங்கும் ஸ்பிரிங் வகை. பழைய இரும்பு ரிங்கில் பட்ட பந்து தூரம் தெறிக்கும். இதில் பந்து செத்து உள்ளே விழுகிறது. எறிபவர்களுக்குக் கொண்டாட்டம்.

இனி சுவர்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே குறைந்தது 2 மீட்டர் எந்தத் தடையும் இல்லாமல் விட வேண்டும் என்பது விதி. எங்கள் அரங்கத்தில் இரண்டு கோடியிலும் அந்த இடைவெளி ஒரே ஒரு எட்டுதான். கோட்டைத் தாண்டினால் சுவர். லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து எழும்பி ரிங்குக்குப் பக்கத்திலேயே பந்தைப் போட, முழு வேகத்தில் ஏறுகிறவன் நொடிக்கு ஐந்து மீட்டராவது கடப்பான். அந்த ஓர் எட்டில் நிற்க அவனுக்குக் கால் நொடி கூடக் கிடைக்காது. நாங்கள் எறிந்த கையோடு உடம்பைத் திருப்பி, உள்ளங்காலால் சுவரை உதைத்துத் திரும்பப் பழகிக்கொண்டோம். புதிதாக வருபவனுக்கு அது தெரியாது. என் கண்முன்னே ஒரு ஜூனியரின் மணிக்கட்டு உடைந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய கட்டடம், இடம் அவ்வளவுதான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கூடைப்பந்தே கிடைத்த கட்டடத்துக்கு ஏற்ப உருவான ஆட்டம்தான். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய நெய்ஸ்மித் கூடையைக் கட்டியது உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடியில். அது பத்தடி உயரத்தில் இருந்ததால்தான் இன்றும் ரிங் பத்தடியில் நிற்கிறது. மாடத்தில் இருந்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால்தான் கூடைக்குப் பின்னால் போர்டு வந்தது. பாரிஸில் ட்ரெவீஸ் தெருவில் 1893-இலிருந்து இருக்கும் கூடத்தில் ஆடுதளத்துக்குள்ளேயே இரும்புத் தூண் நிற்கிறது. அதையும் சுற்றித்தான் ஆடினார்கள். எனவே இடம் போதாதது குற்றமில்லை.

ஆனால் முன்பு அந்தச் சுவரில் ரெக்சின் உறை போட்ட மெத்தைகள் இருந்தன. கிழிந்தவைதான், நடுவில் பள்ளம் விழுந்தவைதான், என்றாலும் இருந்தன. பெயின்ட் அடிக்க அவற்றைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. மெத்தை இருந்த இடத்தில் கல்லூரிச் சின்னத்தை ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பிள்ளை நெற்றியைக் கொண்டுபோய் மோதினால்? தரையை இழைத்து எல்லாக் கோட்டையும் அழித்திருந்தார்களே, அப்போதே தளத்தைச் சுருக்கியிருக்கலாம். பழைய விதிப்புத்தகங்கள் ஏற்கெனவே இருக்கும் அரங்கங்களுக்கு 26 மீட்டர் நீளத்தையும் அனுமதித்தன. போர்டுகளை முன்னால் இழுத்துக் கோட்டைப் போட்டிருந்தால் இரண்டு கோடியிலும் கோடிக்கு ஒரு மீட்டர் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பொறுப்பில் இருப்பவர்களிடம் நேரிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார்கள்.

தரைக்கு முழு மார்க். வெளிச்சத்துக்கு முழு மார்க். ரிங்குக்கும்தான். என் வாழ்க்கையில் நான் அதிகம் நேசித்த கட்டடம் அது, இப்போது முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது. நண்பனுக்கு நான் சொன்ன பதில்: அனுப்பாதே. மெத்தையை மாட்டும்வரை அனுப்பாதே. எறிந்து பழகவும் ஃப்ரீ த்ரோ போடவும் மட்டும் என்றால் தாராளமாகப் போகட்டும், முழுத்தள ஆட்டம் வேண்டாம். அவள் கேட்கமாட்டாள், ஆடத்தான் போவாள் என்றால், ஒரு மாலை என்னோடு அனுப்பு. அந்தச் சுவரை எப்படி உதைத்துத் திரும்புவது என்று நானே கூட நின்று சொல்லிக்கொடுக்கிறேன்.