பாட்டுப் பெட்டியை ஹாலில் வைக்காதீர்கள், அடுப்படியில் வையுங்கள்

மாமியாருக்கு எழுபது முடிந்தபோது என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்தேன். புடவை வேண்டாம், மடிப்புக் கலையாத புடவை பீரோவில் பதினெட்டு இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். கடைசியில் பழைய பாட்டையெல்லாம் ஏற்றியே விற்கிற, ரேடியோ மாதிரி இருக்கும் அந்தப் பெட்டியை வாங்கினோம். 5,000 பாட்டு, ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய், ஆக ஒரு பாட்டு ஒண்ணேகால் ரூபாய்க்குள்தான் வருகிறது என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். பணம் நான் கட்டியதால் அவருக்குக் கணக்கு நன்றாக வந்தது. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுங்கள், இந்த ரகப் பெட்டி இப்போது பல பெயரில் வருகிறது. எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் அது ஹாலில் டிவி பக்கத்தில் சும்மா கிடந்தது. டிவி ஓடும்போது பாட்டு கேட்க முடியாது, டிவி ஓடாத நேரம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்புறம் ஒரு நாள் கரண்ட் போய், அத்தை அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து அரிசி டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் வைத்தார்கள். கரண்ட் வந்த பிறகும் பெட்டி திரும்பிப் போகவில்லை.

அடுப்படியில் செல்போனில் பாட்டு கேட்பவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கையில் மாவு இருக்கும்போது விளம்பரம் வரும், தள்ளிவிடப் போனால் திரை பூட்டிக்கொள்ளும், ஈரக் கைரேகையை அது ஏற்காது, அதற்குள் வெங்காயம் கருகியிருக்கும். இந்தப் பெட்டியில் நடுவில் ஒரு பெரிய குமிழ், அவ்வளவுதான். மணிக்கட்டால் தள்ளினால்கூடத் திரும்பும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஆள்: டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ், எல்.ஆர்.ஈஸ்வரி, எம்.எஸ்.வி. என்று போகும். எந்தப் பாட்டு வரும் என்று நமக்குத் தெரியாது, தேர்ந்தெடுக்கவும் முடியாது. இதைக் குறையாக எழுதியிருப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, சமைக்கும்போது இன்னொரு முடிவு எடுக்க என்னால் முடியாது.

ஒலி எப்படி என்று கேட்பீர்கள். சின்ன ஸ்பீக்கர், அடிநாதமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் குரல் சுத்தமாக வருகிறது. பிரச்சினை எங்கள் அடுப்படிச் சத்தம். டி.எம்.எஸ். குக்கர் விசிலைத் தாண்டி நிற்பார். பி.பி.ஸ்ரீனிவாஸ் பாவம், கடுகு வெடித்தாலே காணாமல் போய்விடுவார், அவரைக் கேட்கவேண்டுமென்றால் கீரை ஆயும் நேரமாகப் பார்த்து வைக்கவேண்டும். மிக்ஸியை மீறிக் கேட்கும் குரல் எல்.ஆர்.ஈஸ்வரி ஒருவருடையதுதான், சட்னி அரைக்கும்போது எங்கள் வீட்டில் வேறு யாரும் பாட அனுமதி இல்லை.

இன்னொரு உபயோகம் நாங்களாகக் கண்டுபிடித்தது. அந்தக் கால 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் இடம், அதனால் ஐம்பதுகளின் பாட்டெல்லாம் அநேகமாக அந்த அளவுக்குள்ளேயே முடிந்துவிடும். அத்தை இப்போது கடிகாரமே பார்ப்பதில்லை. "ஏம்மா, ரவையை ஒரு பாட்டு வறு போதும்" என்பார்கள். முதலில் சிரித்தேன், இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். எழுபது, எண்பதுகளின் பாட்டு நீளமாகப் போகும், அதை நம்பி ரவையை வறுத்தால் நிறம் மாறிவிடும், இது அனுபவம்.

அடுத்து, பிறந்தநாள் சமையல். ஜூன் 24 அன்று தற்செயலாக ஆரம்பித்தது. கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, செட்டிநாட்டுப் பக்கம் சிறுகூடல்பட்டி. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது சரியாக ஒரு வருஷம் கழித்து, 1928 ஜூன் 24, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. பாட்டெழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே தேதியில் பிறந்திருக்கிறார்கள், இதற்குப் பாயசம் மட்டும் வைத்தால் போதாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அதனால் காலையில் செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம், மதியம் பாலக்காட்டு மொளகூட்டல்.

பணியாரத்துக்கு அளவு கப் எல்லாம் தேவையில்லை. ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கொட்டுங்கள், சரியாமல் கோபுரமாக எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்து அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்த்தி, புளிக்க விடாமல் உடனே ஊற்றவேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒரு சின்னக் கரண்டி மாவை நடுவில் விட்டால் அது தானே பரந்து, ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கி மேலே வரும், திருப்பிவிட்டு வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிடவேண்டும். நான் போட்ட முதல் மூன்றும் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது, தண்ணீர் கூடிவிட்டது. கொஞ்சம் அரிசி மாவு தூவிக் கலந்ததும் சரியானது. தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்த துவையல். மொளகூட்டல் அதை விடச் சுலபம்: வெந்த பாசிப்பருப்பு, வெந்த வெள்ளைப்பூசணி, தேங்காயும் சீரகமும் ஒரு வரமிளகாயும் அரைத்த விழுது, கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்து தாளிப்பு. புளியே கிடையாது. ஆறு பாட்டில் முடிந்தது.

டி.எம்.எஸ்.ஸுக்கு மார்ச் 24. அத்தைக்குப் பிறந்த ஊர் மதுரை, அவரும் மதுரை, அதனால் இதில் நான் வாயைத் திறக்கக்கூடாது. டி.எம்.எஸ். சௌராஷ்டிரக் குடும்பம். அத்தை சின்ன வயதில் குடியிருந்த வளவில் பக்கத்து வீடும் சௌராஷ்டிரக்காரர்கள்தானாம், அந்த வீட்டம்மா கற்றுக்கொடுத்த புளியோதரையைத்தான் இன்றைக்கும் செய்கிறார்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளவேண்டும், நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துப் புளியை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு, இறக்கும் முன் வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும், சுண்டைக்காய் அளவு வெல்லமும். புளிக்காய்ச்சல் அத்தை கணக்கில் ஐந்து பாட்டு. நடுவில் சோகப் பாட்டு வந்தால் கிண்டுவதை நிறுத்திவிடுவார்கள், அப்போது நான் கரண்டியை வாங்கிக்கொள்ளவேண்டும்.

சுசீலா அம்மாவுக்கு நவம்பர் 13, ஊர் ஆந்திராவில் விஜயநகரம். அன்றைக்கு முத்தப் பப்பு, அதாவது துவரம்பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுக் கெட்டியாக மசிப்பது. சுடுசோறு, நெய், ஆவக்காய் ஊறுகாய். இதை ரெசிபி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குத்தான் எல்லோரும் இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். 2016 இல் அவர் பெயர் கின்னஸில் ஏறியபோது கணக்கு 17,695 பாட்டு. ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிஷம் வைத்தாலும் ராத்திரி பகலாகக் கேட்டு முடிக்க நாற்பது நாளுக்கு மேலாகும். பெட்டியில் மொத்தமே 5,000, அதை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும்.

இங்கேதான் எனக்குப் பெட்டி மேல் கோபம். கம்பெனிக்குத் தன் கையில் உரிமை இருக்கும் பாட்டைத்தான் போடமுடியும், அது புரிகிறது, அதனால் நீங்கள் தேடும் பாட்டு இல்லாமல் போகலாம், வாங்கும் முன் கூட வரும் பட்டியல் புத்தகத்தைக் கேட்டுப் புரட்டிவிடுங்கள். (எழுத்து பொடி, பூதக்கண்ணாடி தேவை.) ஆனால் இருக்கிற பாட்டுக்காவது பெயரை ஒழுங்காகப் போடலாமே? எம்.எஸ்.வி. என்று ஒரு கிளிக், அதில் 1965 இல் பிரியும் வரை அவரும் டி.கே.ராமமூர்த்தியும் சேர்ந்து போட்ட பாட்டெல்லாம் வருகிறது, ராமமூர்த்தி பெயர் பெட்டியிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, பறவைக் குரல் கொடுத்த சதன், இவர்களையெல்லாம் கேட்கவே வேண்டாம். வெளி அட்டையில் ஜாம்பவான்களைக் கொண்டாடுகிறோம் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2013 இல் ஏப்ரல் 14 பி.பி.ஸ்ரீனிவாஸ், 17 ராமமூர்த்தி, மே 25 டி.எம்.எஸ். என்று நாற்பத்தொரு நாளில் மூன்று பேரும் போனார்கள், இரண்டு பேருக்குக் கிளிக் இருக்கிறது, ஒருவருக்கு இல்லை.

ஏப்ரல் 14 என்றதும் ஞாபகம் வருகிறது, பி.பி.ஸ்ரீனிவாஸ் போன நாள் எங்களுக்கு வருஷப் பிறப்பு, அதனால் அவர் கணக்கில் மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூவை நெய்யில் வறுத்து மேலே போடுவதோடு சரி. இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் பை நிறையக் கலர் கலராகப் பேனாவோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், கல்லூரி நாளில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், போய்ப் பேசத் தைரியம் வரவில்லை. 2008 இல் அந்த ஓட்டலே மூடிவிட்டது, இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் பட்டியலின் முதல் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது, காலை ஆறு மணிக்கு ஒரே பாட்டை எட்டு மாதமாகக் கேட்கிறேன். திரை இல்லை, என்ன பாட்டு ஓடுகிறது என்று தெரியாது, அத்தைக்குத் தெரியும் என்பதால் பிழைத்தோம். சார்ஜ் ஐந்து மணி நேரம் நிற்கும் என்றார்கள், எங்களுக்கு நான்கு. ஐந்தாம் மாதம் சார்ஜர் குத்தும் இடம் ஆட ஆரம்பித்து, சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை அலைந்தேன். முதல் முறை பில் கேட்டார்கள், இரண்டாம் முறை டப்பா கேட்டார்கள், மூன்றாம் முறை ஆள் இல்லை. கடைசியில் தெருமுனை செல்போன் கடைப் பையன் எண்பது ரூபாய்க்குப் பற்றவைத்துக் கொடுத்தான், அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்பீக்கர் சல்லடையில் எண்ணெய்ப் பிசுக்கு படியும், வாரம் ஒரு முறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும், அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பென் டிரைவ் போட இடம் இருக்கிறது, எனக்கு வேண்டிய எஸ்.பி.பி. பாட்டுகளை அதில் ஏற்றி வைத்திருக்கிறேன், அத்தை கோயிலுக்குப் போகும் நேரத்தில் கேட்பேன்.

யார் வாங்கலாம்? வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்து, அவர்களும் நீங்களும் ஒரே அடுப்படியில் நிற்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். தனியாக இருப்பவர், குறிப்பிட்ட பாட்டைத் தேடிக் கேட்பவர், செல்போனே போதும் என்பவர் வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும். ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுக்கிறேன், ராமமூர்த்தி பெயர் இருந்திருந்தால் நான்கு.

வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். குமிழைச் சுற்றி இருக்கும் எழுத்து பெரியவர்களுக்குத் தெரியாது, அத்தைக்குக் கண்புரை வேறு. டி.எம்.எஸ். இருக்கும் இடத்தில் அவர்களே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டார்கள், சுசீலாவுக்கு மெரூன். எஸ்.பி.பி.க்கு நான் ஒட்டிய கறுப்புப் பொட்டு மட்டும் எப்படியோ இரண்டு நாளில் உதிர்ந்து விழுந்துவிடுகிறது. "ஈரக்கை பட்டிருக்கும்மா" என்கிறார்கள் அத்தை.