காற்றுவழி இல்லாத மச்சுக்கு வெப்பத்தடுப்பு: ஏற்காட்டில் செய்த வேலை பற்றி

ஏற்காட்டில் தகர ஷீட் கூரையும் மரப்பலகை சீலிங்கும் கொண்ட எங்கள் பழைய வீட்டின் மச்சுக்கு வெப்பத்தடுப்பு செய்ய, சேலத்திலிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். நாங்கள் விலை விசாரித்த மற்றவர்கள், பலகைமேல் கண்ணாடிக் கம்பளியை (கண்ணாடி இழையாலான மெத்தை, கிளாஸ் வுல்) விரித்தால் போதும் என்றார்கள். இவர்கள் மட்டுமே மச்சுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, காற்று போய்வர வழி செய்யாமல் விரிக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அந்த உறுதிக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கிறேன்.

சேலத்து வீடுகளுக்கு வெயில்தான் தொல்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிலோ ஈரமும் சேர்ந்துகொள்கிறது. சமையலறை ஆவியும் குளியலறை ஆவியும் பலகை இடுக்குகள் வழியே மேலேறி, இரவில் குளிர்ந்த ஷீட்டின் அடியில் பட்டு நீராகின்றன. ஐப்பசிக் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு திருகாணி முனையிலும் ஒரு சொட்டு தொங்கும். அதற்கு நேர் கீழே பலகையில் பூஞ்சை கருவட்டமாகப் படர்ந்திருக்கும். கம்பளியை விரித்தபின் கீழிருந்து ஏறும் சூடு குறைந்து மச்சு இன்னும் குளிரும் என்பதால், நீர் படிவதும் கூடும். இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்.

ஆகவே முதலில் விளக்குத் துளைகளையும் பலகை இடுக்குகளையும் சீலண்ட் வைத்து அடைத்து, மச்சுக்குள் திறந்திருந்த குளியலறை எக்ஸாஸ்ட் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனார்கள். பிறகு மச்சின் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு என்ற கணக்கில், 600 சதுர அடிக்கு 4 சதுர அடித் திறப்பை இறவாணத்திலும் (கூரையின் தாழ்ந்த ஓரம்) முகட்டிலும் (கூரையின் உச்சி) பாதிப்பாதியாகப் பிரித்து அமைத்தார்கள். அணில் புகாதிருக்கக் கட்டிய கம்பிவலை காற்றை ஓரளவு மறிக்கும் என்பதால், திறப்பைச் சற்றுக் கூடுதலாகவே வெட்டியது அவர்களின் அனுபவத்தைக் காட்டியது. கம்பளி அதன் பின்னரே வந்தது. இறவாணத் திறப்பை மூடாதபடி ஓரங்களில் இடைவெளி விட்டு விரித்தார்கள்.

காற்றுவழியே வைக்காமல், ஷீட்டின் அடியிலேயே பாலியூரிதேன் நுரையைப் பீய்ச்சும் முறையும் உண்டு. செலவு அதிகம் என்பதோடு, ஷீட் ஒழுகினால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள்.

இப்போது மழைக்காலத்திலும் திருகாணிகள் உலர்ந்திருக்கின்றன. பகல் வெக்கையும் நன்றாகக் குறைந்திருக்கிறது. குறை என்றால், முகட்டு மூடியின் மேற்குப் பக்கம் சாரல் அடித்தது. சரிசெய்து தந்தார்கள், ஆனால் பலமுறை அழைத்த பிறகே வந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் வண்டி வாடகையைத் தனியாகக் கேட்கிறார்கள். அதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.