நெப்போலியனைக் கவிழ்த்தது ஸ்பெயினா, ரஷ்யாவா?

ரஷ்யக் குளிர் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1812 ஜூனில் ரஷ்ய எல்லையில் இருந்த நேமன் ஆற்றைக் கடந்தவர், டிசம்பரில் சிதைந்த படையை விட்டுவிட்டுப் பாரிஸ் திரும்பினார். ஆனால் பனி விழும் முன்பே, கோடை வெயிலிலும் பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் அவருடைய முக்கியப் படை கிட்டத்தட்ட பாதியாகத் தேய்ந்திருந்தது. ஸ்பெயின் வேறு மாதிரி. 1808-இல் பிரெஞ்சுப் படைக்கு எதிராக மாட்ரிட் மக்கள் கிளர்ந்தது முதல் 1814 வரை போர் இழுத்துக்கொண்டே போனது, தபால் கொண்டுபோகக்கூட காவல்படை வேண்டியிருந்தது, கூடவே எதிரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் (திப்புவுக்கு எதிராகச் சீரங்கப்பட்டணம் வந்த அதே ஆள்தான்).

சரி, எது பெரிய அடி? என் கணக்கில் ரஷ்யா. ஸ்பெயின் தொல்லையோடே 1809-இல் வாக்ராமில் ஆஸ்திரியாவை ஜெயித்தார். மாஸ்கோ வரை போய்ச் சிதைந்து திரும்பியதற்கு அப்புறம் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அடுத்தடுத்து எதிர்ப்பக்கம் போய்விட்டன. இளம் பையன்களைப் படைக்குப் பிடிக்க முடிந்தது, ரஷ்யாவில் செத்த குதிரைகளுக்கு ஈடு கட்ட முடியவில்லை.