கோத்தகிரி மழையில் 1943: சில வருஷம் ஆடிய பிறகு

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987-இல் ஆர்கேட் இயந்திரமாக (காசு போட்டு ஆடுவது) கொண்டுவந்த ‘1943: தி பேட்டில் ஆஃப் மிட்வே’ என்ற விமானச் சண்டை கேமை, டிவியிலும் கையிலும் ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் சில வருஷமாக ஆடிவருகிறேன். 2021 பிப்ரவரியில் ஸ்விட்சுக்கு வந்த கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் தொகுப்பில் மொத்தம் 32 கேம்கள். செயலியை இறக்கினாலே 1943 இலவசமாக வந்துவிடும். இதற்கு மூத்ததான ‘1942’ என்ற கேமை ஆட வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

இத்தனை காலம் ஆடியும் இது சலிக்காததற்குக் காரணம் திரையின் கீழே இருக்கும் எனர்ஜி கோடுதான். 1942-இல் ஒரு குண்டு பட்டால் விமானம் போச்சு. 1943-இல் அப்படியில்லை. அடி தாங்கும், ஆனால் அடியே படாவிட்டாலும் அந்தக் கோடு தேய்ந்துகொண்டே இருக்கும். கூட்டமாகச் சூழும்போது மின்னலையோ பேரலையையோ ஏவித் தப்பிக்கலாம், அதற்கான விலையும் அதே எனர்ஜிதான். உயிர், எரிபொருள், ஆயுதம் மூன்றும் ஒரே கோட்டில். சிறிய மாற்றம்தான், ஆனால் கேமையே வேறாக்கிவிட்டது.

இதனால், எனர்ஜியோ புது ஆயுதமோ தரும் ‘பவ்’ பெட்டி மிதந்து வரும்போதெல்லாம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதைச் சுடச் சுட உள்ளே இருப்பது மாறும். இரண்டு குண்டு கூடப் போனால் நமக்கு வேண்டியது தாண்டிப்போய்விடும். அபாய ஒலி கத்த ஆரம்பித்த நேரத்தில் எனர்ஜியை எடுப்பதா, ஷாட்கன்னை எடுப்பதா? ஷாட்கன் வெகுதூரம் போகாது, ஆனால் எதிரியின் குண்டுகளையே அழித்துவிடும். கப்பல்களுக்கு மேலே தாழப் பறக்கும் கட்டங்களில் நான் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறேன். அங்கே நம்மைக் கொல்வது எதிரி விமானங்கள் அல்ல, கப்பல் பீரங்கிகளின் குண்டுமழைதான்.

1942-இல் இரண்டு பேர் என்றால் ஒருவர் ஆடி முடித்து மற்றவர் ஆட வேண்டும். இதில் இருவரும் சேர்ந்தே பறக்கலாம். லீவுக்கு வரும் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்ததும், “மாமா, அந்தப் பவ்வைச் சுடாதீங்க, எனக்கு வேணும்” என்று ஆரம்பித்துவிடுவான். யார் எதை எடுப்பது என்ற அந்தப் பேச்சில்தான் இருவர் ஆட்டம் களைகட்டுகிறது.

இனி ஸ்விட்ச் பற்றி. மூல ஆர்கேட் இயந்திரத்தின் திரை நெட்டுக்குத்தானது. டிவியில் போட்டால் நடுவில் ஒரு பட்டையாக நிற்கும், இரு பக்கமும் வீண். முதலில் வந்த ஸ்விட்சின் 6.2 அங்குலத் திரை 1280-க்கு 720. படுக்கை வாக்கில் படம் 540 புள்ளி அகலம்தான். அமைப்பில் திரையைத் திருப்பி, பக்கவாட்டுக் கன்ட்ரோலர்களான ஜாய்கான்களைக் கழற்றிவிட்டு, கருவியை நிமிர்த்தி வைத்தால் 720-க்கு 960 கிடைக்கும். பரப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. மேலிருந்து வரும் குண்டை முன்பே கண்டுகொள்ள அது போதும். சார்ஜ் துளையும் பக்கவாட்டுக்கு வந்துவிடுவதால் வயரைச் செருகிக்கொண்டே ஆடலாம். சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் மட்டும் கட்டாயம் வேண்டும்.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். எங்கேயாவது மரம் லைன்மேல் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி கரண்ட் கிடையாது. டிவி அணைந்தாலும் ஸ்விட்சைக் கையில் எடுத்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் குளிர் ஏறினால் கட்டைவிரல் விறைத்துவிடும். அப்போது 1943 ஆடவே கூடாது, ஒரு நூல் அகலத்தில் நழுவ வேண்டிய குண்டுகள் நேரே மேலே வந்து விழும். கையைக் கணப்பில் காட்டிவிட்டு உட்காருங்கள். ஈரத்துக்கும் கவனம் வேண்டும். தனியாக வாங்கிய மலிவான கன்ட்ரோலர் ஒன்றின் பட்டன்கள் ஒரே மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டன. இப்போது எல்லாமே சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில்தான் இருக்கின்றன.

பின்னோக்கி ஓட்டும் வசதி புதியவர்களுக்கு நல்லது. கட்ட முடிவில் வரும் பெரிய எதிரிக் கப்பல்களின் பீரங்கி எந்த வரிசையில் சுடுகிறது என்று படிக்க உதவும். பாடம் ஆனதும் விட்டுவிடுங்கள். அடிபட்டதையே அழித்துவிட்டால் அந்த எனர்ஜிக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. வேகத்தைக் குறைக்கும் வசதிதான் எனக்கு அதிகம் பிடித்தது, என் அப்பாவைக்கூட அதை வைத்துத்தான் ஆட உட்கார வைத்தேன்.

சரித்திரம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மிட்வே சண்டை நடந்தது 1942 ஜூனில். நாம் ஓட்டும் பி-38 தரைத்தளங்களிலிருந்து பறந்த விமானம். கடைசியில் எதிர்கொள்ளும் யமாட்டோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் உண்மையில் மூழ்கியது 1945 ஏப்ரலில். ஜப்பானிய நிறுவனமே ஜப்பானியக் கடற்படையை எதிரியாக வைத்துச் செய்த கேம் இது. ஆண்டுகளை இதிலிருந்து பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எதை முதலில் என்று கேட்டால், இலவசமாக வரும் 1943-ஐ. பதினாறு கட்டங்களையும் முடித்த பிறகும் ஆசை தீரவில்லையென்றால் 1942-ஐ வாங்குங்கள். அதில் 32 கட்டங்கள், ஒரே அடியில் சாவு, ஆபத்துக்குக் குட்டிக்கரணம் மட்டும்தான் துணை.