பூச்சி அரித்த இடத்தில் தாமிரபரணி: எழுத்துணரிகளுடன் ஏழு ஆண்டுகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு நூலகத்தின் பழைய அச்சு நூல்களை மின்வடிவாக்கும் பணியில் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்தேன். பக்கப் படத்திலுள்ள எழுத்துகளை உணர்ந்து மின்பாடமாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் டெசராக்ட்; நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய அதன் நான்காம் பதிப்பு அந்த அக்டோபரில்தான் வெளிவந்திருந்தது. முதல் ஐந்து ஆண்டுகள் அதையும் அதற்கடுத்த ஐந்தாம் பதிப்பையும் மட்டுமே நம்பியிருந்தோம். பின்னர், பக்கப் படத்தைக் கொடுத்தால் படித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்தியவன் என்ற முறையில், இதே வேலையில் இறங்கும் நூலகர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அச்சான நூல் என்றால், தாள் மட்டும் பழுப்பேறாமல் இருந்தால், டெசராக்ட் பக்கத்துக்கு நான்கைந்து பிழைகளோடு முடித்துவிடும். அதற்கு முந்தைய நூல்களில்தான் திணறல் தொடங்கும். ணை, லை, ளை, னை ஆகியவை ஆனைக்கொம்பு வளைவோடும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாத தனி வடிவத்தோடும் அச்சாகியிருப்பதால், ‘மலை’ என்பது ‘மல’ ஆகிவிடும், அல்லது பொருளற்ற எழுத்துக் கூட்டமாகிவிடும். தமிழ் எண்களில் இன்னும் சிக்கல்: ௧௮௮௭ என்ற ஆண்டு ‘கஅஅஎ’ என்று வந்து நிற்கும். ஆனாலும் இவையெல்லாம் கண்ணில் பட்டவுடன் தெரிகிற பிழைகள். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த இடத்தில் தடுக்கி நின்று, படத்தைப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் நகர்வார்.

புதிய கருவிகள் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தது உண்மை. ஆனைக்கொம்பு லையும் பழைய றாவும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பத்திகளாக அமைந்த பக்கங்களையும் அடிக்குறிப்புகளையும் ஒழுங்காகப் பிரித்துத் தந்தன. ஒரு வாரத்து மெய்ப்புப் பணி ஒரே நாளில் முடிந்தது. அந்த வேகத்தில், 2024-ஆம் ஆண்டில் நாற்பது சிறு நூல்களின் பாடத்தை அதிகம் சரிபார்க்காமலே சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டோம். அது என் தவறு.

அதைக் கண்டுபிடித்தவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்று, இப்போது எங்களுக்காக மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர். ஊர்க்கோயில் ஒன்றைப் பற்றிய தலபுராண வசனம் அது. வைகாசி விசாகத்தன்று தீர்த்தம் கொண்டுவரும் வழக்கத்தைச் சொல்லும் வரியில் ஒரு முழுச் சொல்லைப் பூச்சி அரித்திருந்தது. கருவி தந்த பாடத்திலோ ‘தாமிரபரணியிலிருந்து தீர்த்தங் கொண்டுவந்து’ என்று தங்குதடையின்றி இருந்தது. அண்ணாச்சி படத்தைப் பெரிதாக்கி, திரையில் விரலை வைத்துக் கேட்டார்: “தம்பி, இந்த எடத்துல ஓட்டையால்லா இருக்கு, தாமிரபரணி எங்கருந்து வந்துச்சு?” சில மாதங்களுக்குப் பின் தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் அதே நூலின் மற்றொரு படி கிடைத்தது. அதில் அந்தச் சொல் ‘சிற்றாற்றிலிருந்து’ என்று தெளிவாக இருந்தது. நெல்லைச் சீமை என்றால் தாமிரபரணியாகத்தான் இருக்கும் என்பது நல்ல ஊகமே; ஆனால் ஊகம் என்ற அடையாளம் அதில் எங்கும் இல்லை.

அதன் பிறகு அந்த நாற்பது நூல்களையும் மறுபடி பார்க்கத் தொடங்கினோம். ‘கொல்லம் ௧௦௬௨’ என்று முகப்பில் அச்சிட்டிருந்த ஒரு நூலுக்கு, வெளியீட்டு இடம் கேரளத்துக் கொல்லம் நகரம் என்று கருவி பட்டியலிட்டிருந்தது. இந்த வட்டாரத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு அது கேரளத்திலும் இந்த வட்டாரத்திலும் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு என்பது பார்த்தவுடன் தெரியும். 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1886-87 என்று வரும்.

சிதைந்ததைச் சிதைந்ததாகவே காட்டுவது நம் பதிப்பாசிரியர்கள் வகுத்துவைத்த நெறி. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; பதிப்பில் அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன, அழிந்த அடிகள் புள்ளிகளாக நிற்கின்றன. நாங்களும் இப்போது அப்படியே செய்கிறோம்: அரித்த இடத்தில் புள்ளி, ஊகத்துக்குப் பகர அடைப்பு [ ]. ஒவ்வொரு நூலுக்கும் மூலப் படம், டெசராக்ட் பாடம், செயற்கை நுண்ணறிவின் பாடம், மனிதர் திருத்திய பாடம் ஆகிய நான்கையும் தனித்தனியாக வைத்து, கருவியின் பெயர், பதிப்பு, படித்த நாள் ஆகியவற்றையும் குறித்துவிடுகிறோம். டெசராக்டின் அதே பதிப்பையும் அதே பயிற்சிக் கோப்பையும் வைத்துக்கொண்டால் எத்தனை ஆண்டு கழித்தும் அதே பாடம் கிடைக்கும். சந்தா கட்டிப் பயன்படுத்தும் கருவியோ, ஆறு மாதம் கழித்து அதே பக்கத்துக்கு வேறு பாடம் தந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

படத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றுதான்; பாடத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த நூல் எந்த எழுத்து வடிவில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். அங்குலத்துக்கு 400 புள்ளி (400 டிபிஐ) என்ற அளவில் வண்ண டிஃப் படக் கோப்பாக எடுத்தால் சாதாரண நூல் பக்கம் ஒன்று ஏறத்தாழ 22 எம்பி வரும், முந்நூறு பக்க நூலுக்கு ஆறரை ஜிபி தேவைப்படும். செலவுதான், ஆனாலும் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானபோது, தாமிரபரணி எங்கள் தரைத்தளத்துக்குள் இடுப்பளவு வந்தது. கீழ்த்தட்டில் இருந்த நூல்கள் கூழாயின. மேசையடியில் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் போயின. தென்காசியில் நண்பர் வீட்டில் வைத்திருந்த மூன்றாவது படியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டபோது மூன்று கோப்புகள் மட்டும் பொருந்தவில்லை. அவற்றுக்கு உரிய நூல்கள் மேல்தட்டில் பிழைத்திருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது. கூழான நூல்கள் சிலவற்றுக்கு இப்போது எங்களிடம் எஞ்சியிருப்பது அந்தப் படங்கள் மட்டுமே.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை நான் கைவிடவில்லை. பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்கவும், கணக்கேடுகளின் கட்டங்களைப் பிரிக்கவும், டெசராக்ட் பாடத்தோடு ஒப்பிட்டு வேறுபடும் இடங்களைச் சுட்டவும் அதைவிட நல்ல துணை கிடையாது. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் அண்ணாச்சி முதலில் கண்ணை வைக்கிறார். ஓலைச்சுவடிக்கு மட்டும் அதை இன்னும் அனுமதிக்கவில்லை. மெய்யெழுத்துப் புள்ளியும் சொல் இடைவெளியும் இல்லாத ஏட்டில் அது தரும் வாசகம் படிக்க அழகாக இருக்கிறது, ஏட்டில் இருப்பதோ வேறாக இருக்கிறது.

நாற்பதில் இருபத்தொன்பது நூல்களைப் பார்த்து முடித்திருக்கிறோம். மீதிப் பதினொன்றின் பாடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, படங்களை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம்.