ஹடர்ஸ்ஃபீல்டு துணி, மதுரைத் தையல்

நான் குடியிருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் ஒரு காலத்தில் கோட் சூட்டுக்கே பேர்போன ஊர். மாண்டேக் பர்ட்டனின் ஹட்சன் ரோடு தொழிற்சாலையில் மட்டும் பத்தாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. இப்போது அங்கே அளவெடுத்து, ட்ரையல் பார்த்து ஒரு சூட் தைத்துக்கொள்ள வேண்டுமென்றால் செலவு எக்கச்சக்கம். துணி மட்டும் இன்னும் பக்கத்திலேயே நெய்கிறார்கள். ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஹடர்ஸ்ஃபீல்டு. மில்களில் மிஞ்சிய நல்ல கம்பளித் துணியை ஒரு சூட்டுக்கு ஆகும் அளவில் வெட்டி விற்கிறார்கள். சாமான் அங்கே, கைவேலை மதுரையில் என்று கணக்குப் போட்டுத்தான் இந்தத் தடவை ஊருக்குக் கிளம்பினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் துணி. கோட், பேண்ட் இரண்டுக்கும் 150 சென்டிமீட்டர் அகலத் துணி 3.25 மீட்டர் வேண்டும். உயரமோ உடம்போ கொஞ்சம் கூடுதல் என்றால் மூன்றரை. கட்டம், கோடு என்று போனால் இன்னும் கால் மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாக்கெட் மூடியில் கோடு ஒரு பக்கம், கோட்டுத் துணியில் ஒரு பக்கம் என்று நிற்கும். பேண்ட்தான் முதலில் தேயும் என்பதால் இரண்டு பேண்டுக்குச் சேர்த்து நாலரை மீட்டர் எடுத்தேன். வெறும் கருநீலம், நெசவு கொஞ்சம் இடைவெளி விட்டு, காற்று போகிற மாதிரி.

'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று துணி ஓரத்தில் நெய்திருப்பதைப் பார்த்து நம் ஆட்கள் மயங்குவதுண்டு. அந்த எண் சொல்வது கம்பளி இழையின் மென்மையை மட்டும்தான். 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்குள், 150 என்றால் 16.25க்குள். எண் ஏற ஏறத் துணி வழவழப்பாகும், சீக்கிரம் கசங்கும், தைப்பவர் கையில் வழுக்கும். தினப்படி போடுவதற்கு 100, 110 போதும். எடை மீட்டருக்கு 280 கிராம் பக்கம் இருந்தால் நல்லது, தையல் தவறுகூடக் கொஞ்சம் மறையும்.

மதுரையிலேயே துணி வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம். விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, தெற்கு மாசி வீதி என்று ஜவுளிக்குக் குறைவே இல்லாத ஊர் அது. ஆனால் கோட் துணி என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் விஸ்கோஸ், அதை விட்டால் கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த டெரிவுல். முழுக் கம்பளிக்கு அங்கே ஏது போக்கு? ரேமண்ட் மாதிரி பெரிய மில்களின் ஷோரூமில் கேட்டால் காட்டுவார்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ரெண்டு நூல் உருவி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். சில ஷோரூம்களில் தையலும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அளவெடுப்பவர் ஒருவர், வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் வேறெங்கோ இருப்பார், அவர் முகத்தையே நீங்கள் பார்க்க மாட்டீர்கள். எனக்கு அது சரிப்படவில்லை.

துணியோடு இன்னும் இரண்டு சாமான் கொண்டுபோனேன்: கோட்டின் நெஞ்சுப் பக்கம் உள்ளே வைத்துத் தைக்கிற, குதிரை முடி கலந்த கேன்வாஸ், எருமைக் கொம்பு பட்டன். இரண்டும் ஊரில் தேடினால் கிடைக்கலாம், ஆனால் லீவில் வந்தவனுக்குத் தேட நேரம் ஏது?

அப்புறம், எப்போது போவது என்பது. டிசம்பரில் போகிறவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ், பொங்கல் என்று எல்லா மெஷினும் ஓடும். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். மே, ஜூனில் பள்ளிச் சீருடை. தீபாவளிக்கு முன்னால் தையல்கடை வாசலில் நிற்கவே முடியாது. மிச்சம் இருப்பது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, ரிசப்ஷன் கோட் ஆர்டர் கிடையாது, மாஸ்டர்கள் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முண்டியடிக்கிற கூட்டம் தையல்கடைக்கு வருவதில்லை. இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான், ரொம்ப வசதி.

தையல்காரரைப் பிடிப்பதுதான் பெரிய வேலை. மதுரைத் தையல் என்றதும் பலருக்குப் புது மண்டபம் ஞாபகம் வரும். திருமலை நாயக்கர் கட்டிய கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு, வெளிநாட்டுக்காரர் காலையில் கொடுத்த சட்டையைப் பார்த்து மாலைக்குள் அதே மாதிரி இன்னொன்று தைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சட்டை, பைஜாமாவுக்கு இன்றைக்கும் போகலாம். கோட் வேறு வித்தை.

முதலில் போன கடை பளபளவென்று ஏசி போட்டு, வாசலில் மாப்பிள்ளை பொம்மைகள் நிறுத்திய இடம். பேர் வேண்டாம். கேன்வாஸைக் காட்டினேன். "இதெல்லாம் பழைய காலம் சார், இப்ப எல்லாமே பேஸ்டிங்தான்" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்ன பேஸ்டிங், பசை தடவிய துணியை உள்ளே வைத்து இஸ்திரிச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது. ஒரு நாள் ரிசப்ஷன் மேடைக்கு அது தாராளமாகப் போதும். வருடக்கணக்கில் டிரைவாஷ் போட்டுப் போட்டு உடுத்துகிற கோட்டில், பசை விட்டுப்போன இடத்தில் நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தவிர, அந்தக் கடைகளுக்கு ஒரே அச்சுதான் கைவந்தது: உடம்போடு ஒட்டி, நீளம் குறைத்து, லேப்பல் என்கிற நெஞ்சு மடிப்பு பளபளக்க. துணியைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி காட்டியது சித்தப்பா மகன். அவன் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கறிஞர். வெயில் காலத்தில் கீழ்க் கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. சித்திரை வெயிலிலும் கோட்டோடுதான் நிற்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், தமிழ்நாட்டில் தினமும் கோட் போட்டு, அதிலேயே உட்கார்ந்து எழுந்து, கை நீட்டிப் பேசி, நாள் முழுக்கக் கழிக்கிற கூட்டம் வேறு எது? அவர்களுக்குத் தைக்கிறவருக்குத்தான் உடம்போடு அசைகிற கோட்டைப் பற்றித் தெரியும். மாப்பிள்ளைக் கோட் தைப்பவருக்குப் போட்டோவுக்கு நிற்கிற கோட்தான் தெரியும். மதுரை என்றில்லை, கோர்ட் இருக்கிற எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். சீனியர் வழக்கறிஞர் யாருடைய கோட்டின் தோள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதோ அவரிடம் விசாரித்தால் போதும்.

மாசி வீதிச் சந்தில் மாடிமேல் கடை. போர்டுகூடச் சரியாகத் தெரியாது. அறுபது தாண்டிய பாய், கூட இரண்டு பையன்கள். துணியை விரித்து, உள்ளங்கையில் கசக்கி விட்டுப் பார்த்தார். சுருக்கம் தானாகவே விழுந்துவிட்டது.

"ஒரிஜினல் உல்லன் தம்பி. கைபட்டு ரொம்ப நாளாச்சு. எங்க வாங்குனீங்க?"

சொன்னேன். நான் கேட்க நினைத்ததில் முக்கியமான கேள்வி இதுதான்: "அயர்ன் எப்படிப் பண்ணுவீங்க மாஸ்டர்?" கம்பளியில் இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தால் துணி பளபளத்துப்போகும், அதை மாற்றுவது கஷ்டம். பாய் பதில் சொல்லாமல் மேஜைக்குக் கீழேயிருந்து ஈரக் காடாத் துணியை எடுத்துக் காட்டினார். வெட்டுவதற்கு முன்னால் முழுத் துணிக்கும் ஆவி காட்டி ஒரு நாள் ஆறப்போட வேண்டும், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும் என்றும் சொன்னார். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அளவுக்கு என்னுடைய பழைய கோட் ஒன்றைக் கொடுத்தேன். பிளவுஸுக்கு அளவு ஜாக்கெட் கொடுக்கிற ஊரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அதையே தொட்டுக் காட்டினால், வாயால் நூறு சொல்வதைவிடச் சீக்கிரம் புரியும். பாய் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, மாடி வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். பை தூக்குற தோளா?" என்றார். இத்தனை வருடம் லேப்டாப் பை தொங்குவது அந்தத் தோளில்தான்.

முண்டா, அதாவது கோட்டில் கை பொருத்துகிற வளைவு, அந்த விஷயத்தில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அக்குள் பக்கம் தாராளமாக இறக்கி வெட்டினால் வசதியாக இருக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நடப்பதோ வேறு. முண்டா இறங்கி இருந்தால் கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் கூடவே ஏறும். அக்குளோடு ஒட்டி ஏற்றி வெட்டினால் கை மட்டும் போகும், கோட்டு நின்ற இடத்தில் நிற்கும். "கோர்ட்ல கையை ஆட்டிப் பேசுறவங்க தம்பி, காலர் காதுக்கு வந்தா ஜட்ஜு சிரிக்க மாட்டாரா?" என்றார்.

லைனிங்குக்குச் சுங்குடித் துணி போடலாமா என்று ஒரு ஆசை. நம்ம ஊர்ப் பேரில் புவிசார் குறியீடு வாங்கிய துணி, உள்ளே ஒளிந்திருந்தால் அழகுதானே. பருத்தி சட்டையைப் பிடித்து இழுக்கும், கை உள்ளே போகாது என்று தடுத்துவிட்டார். கடைசியில் கைக்கும் முதுகுக்கும் வழுக்கும் விஸ்கோஸ், உள் பாக்கெட்டுகளுக்கு மட்டும் அரக்குச் சுங்குடி என்று ராசியானோம்.

முதல் ட்ரையல் ஓட்டுத்தையலில். ஒரு கை மட்டும் வைத்து, பாக்கெட் இல்லாமல், வெள்ளை நூல் தெரிய இருக்கும். இந்த ட்ரையல் கிடையாது என்று சொல்லும் கடையில் கம்பளித் துணியைக் கொடுக்காதீர்கள். பின்கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. பாய் அங்கேயே பிரித்து, தோளை நகர்த்தி, குண்டூசி குத்தினார். அடுத்த ட்ரையலில் கை நீளம், சட்டை மணிக்கட்டு அரை இஞ்ச் வெளியே தெரிகிற மாதிரி. பேண்ட் காலின் அடிச்சுற்றளவில் மட்டும் இழுபறி. இப்போதைய வழக்கம் என்று பதினாலு இஞ்சில் நிற்கிறார். நான் பதினாறு கேட்டேன், பதினைந்தரை வாங்கினேன். தையலுக்குள் துணி விட்டுத் தைக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள், இடுப்பு இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருக்காது.

கூலி ஒரு கோட், இரண்டு பேண்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய். காஜாவைக் கையால் எடுக்க ஐந்நூறு தனி. குறையே இல்லையா என்றால் உண்டு. லேப்பல் நான் கேட்டதைவிடக் கால் இஞ்ச் ஒல்லி. சொன்ன தேதியில் எதுவும் தயாராகவில்லை, கிளம்புவதற்கு முந்தின நாள் இரவுதான் பட்டன் வைத்தார்கள். ஊர் வேலை அப்படித்தான் என்று தெரிந்தே, டிக்கெட் தேதிக்கு நாலு நாள் முன்னதாகப் பொய்த் தேதி சொல்லியிருந்தேன்.

அடுத்த கோட்டுக்குத் துணியை மட்டும் அனுப்பினால் தைப்பீர்களா என்று கேட்டேன். கோட்டுக்கு ஆள் வந்தாக வேண்டும், பேண்ட் என்றால் அளவு நோட்டில் இருக்கிறது, அனுப்புங்கள் என்றார். சாம்பல் நிறத்தில் 1.30 மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் மதுரைக்குப் போகிறார், அவர் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.